பிள்ளைக்கு ஒவ்வாத உணவு: வீட்டிலும் பால்வாடியிலும்



எங்கள் குழந்தைகள் பிரிவுக்கு வரும் தாய்மாரிடம், "பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால், கொடுக்காதவற்றின் பட்டியல்தான் முதலில் வரும். கத்தரிக்காய் கரப்பான், கருவாடு கரப்பான், முட்டை சூடு, வாழைப்பழம் சளி. எல்லாவற்றையும் விலக்கி, ரசஞ்சோற்றிலேயே வளரும் பிள்ளைகள் எடை குறைந்து வருகிறார்கள். உண்மையான உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் சிலரே. ஆனால் அந்தச் சிலருக்கு அது உயிரைப் பற்றிய காரியம்.

உண்மையான ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களில் தெரியும். மிஞ்சினால் இரண்டு மணி நேரம். உடம்பில் தடிப்பும் அரிப்பும், உதடும் இமையும் வீங்குதல், வாந்தி, இருமல், இழுப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். அதே உணவைக் கொடுத்தால் மறுபடியும் வரும். மூன்று நாள் கழித்து வந்த சளிக்கு வாழைப்பழத்தின்மேல் பழி போட வேண்டியதில்லை.

பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, மீன், இறால், கோதுமை, எள் ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. பசும்பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டுப்பாலுக்கு மாற்றுவது நம் ஊர் வழக்கம். இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றே. பசும்பால் ஒவ்வாத பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. தாய்ப்பாலை மட்டும் யார் சொல்லியும் நிறுத்திவிடாதிருங்கள்.

பயந்து தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. லண்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வரக்கூடிய கைக்குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள்ளேயே நிலக்கடலை கொடுக்கத் தொடங்கினார்கள். 5 வயதில் பார்த்தபோது கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். நைசாக அரைத்துக் கூழில் கலந்துதான் கொடுக்க வேண்டும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தையானால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் தாய் கவனமாயிருந்துவிடுவாள். பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தில்தான் தவறுகிறது. விவரம் தெரிந்த ஆயா அன்று விடுப்பில் இருப்பார். பிறந்தநாள் என்று ஒரு பிள்ளை கடலைமிட்டாய் கொண்டுவரும். ஓய்வுநாள் பள்ளியில் கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பார்கள். அதில் முட்டையும் உண்டு, முந்திரியும் உண்டு. "கொஞ்சந்தானே, பிள்ளை ஏங்கிப்போகும்" என்று பாட்டியே ஊட்டிவிடுவதும் உண்டு. எல்லாம் அன்பினால் நடப்பவையே. ஆகையால் பிள்ளையின் படத்தையும் ஆகாத உணவின் பெயரையும் அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டச் சொல்லுகிறோம். அந்தப் பிள்ளைக்குக் கரண்டியும் தட்டும் தனியாக இருக்கட்டும். பரிமாறுகிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். பிள்ளையை மட்டும் ஒரு மூலையில் உட்கார வைக்க வேண்டாம், மற்றவர்களோடு சேர்ந்தே சாப்பிடட்டும்.

எங்களிடம் கொண்டுவரப்பட்ட 4 வயதுச் சிறுமி ஒருத்தி இட்லிக்குக் கடலைச் சட்னி தொட்டுச் சாப்பிட்டவள். தடிப்பு வந்ததும் அரிப்பு மாத்திரை கொடுத்துவிட்டு, சரியாகும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள். வந்தபோது உதடு நீலம் பாய்ந்திருந்தது. தொடையில் அட்ரீனலின் ஊசி போட்டோம். 5 நிமிடம் கழித்து மறுபடியும் போட்டோம். கர்த்தருடைய கிருபையால் பிழைத்தாள். அந்த மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைபடும் மூச்சுக்குழலைத் திறப்பதும் விழும் இரத்த அழுத்தத்தை நிமிர்த்துவதும் அட்ரீனலின்தான். விலையோ சொற்பம். தடுப்பூசி போடும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இருக்கும்.

மூச்சுத் திணறலோ, குரல் கம்முதலோ, மயக்கமோ கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். தெளிந்துவிட்டாலும் வீட்டுக்குத் திரும்ப அவசரப்பட வேண்டாம். சில மணி நேரங்கழித்து அது மறுபடியும் வருவதுண்டு.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். கடலையும் மீனும் அப்படியல்ல. நீங்கிவிட்டதா என்று மருத்துவமனையில் சோதிக்க வேண்டுமேயன்றி வீட்டில் ஊட்டிப் பார்க்கக் கூடாது.

எங்கள் சுற்றுப்புறக் கிராமங்களின் பால்வாடி ஆயாமாருக்கு இவற்றையெல்லாம் ஒருநாள் பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கிறோம். அதற்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிக்குச் சுவர் அட்டை வேண்டுமானால் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறோம்.