பூஜ்யத்தால் நின்ற போர்க்கப்பல்

கணினியில் ஆசை ஆசையாக ஒரு படம் வரைகிறீர்கள். வண்ணம் தீட்டி முடிக்கும் நேரத்தில் திடீரென்று ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது. 'நிரல் நின்றுவிட்டது' என்கிறது. படமும் போச்சு! ஏன் இப்படி?

நிரலில் ஏதோ ஒரு பகுதிக்குச் செய்ய முடியாத வேலை வந்துவிட்டது. திறக்கச் சொன்ன கோப்பு அங்கே இல்லாமல் இருக்கலாம். ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொல்லியிருக்கலாம். உடனே அந்தப் பகுதி, தன்னை வேலை வாங்கிய பகுதிக்கு அபாய அறிவிப்பு கொடுக்கும். இதற்கு 'எக்செப்ஷன்' என்று பெயர். அதுவும் கவனிக்காவிட்டால், அறிவிப்பு அதற்கும் மேலே உள்ள பகுதிக்குப் போகும். கடைசிவரை யாருமே கவனிக்காவிட்டால் விண்டோஸ் போன்ற இயங்குதளம் அந்த நிரலையே மூடிவிடும்.

நம் தூத்துக்குடிக் கடலில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பை நினைத்துப் பாருங்கள். கல் கட்டிய கயிற்றைப் பற்றிக்கொண்டு, சிப்பிகள் இருக்கும் பாருக்கு இறங்குவார் குளிப்பவர். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளைப் பையில் சேர்ப்பார். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார். தோணியில் கயிறு பிடித்திருப்பவர் சட்டென்று மேலே இழுத்துவிடுவார். அவர் கண்ணயர்ந்துவிட்டால் என்ன ஆகும்? கவனிப்பாரற்ற எக்செப்ஷனும் அப்படித்தான்.

கடலில் நடந்த இன்னொரு சம்பவமும் உண்டு. 1997 செப்டம்பரில், அமெரிக்காவின் 'யார்க்டவுன்' போர்க்கப்பல் வர்ஜீனியா கரைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. கப்பலை இயக்க விண்டோஸ் என்.டி. கணினிகள் உதவின. கப்பலில் இருந்த ஒருவர், விவரம் நிரப்பும் கட்டத்தில் 0 என்று பதிந்துவிட்டார். நிரல் அந்தப் பூஜ்யத்தால் வகுக்கப் போனது. பிழையைப் பிடித்து நிறுத்த வழி செய்யப்படவில்லை. கணினி வலையமைப்பே முடங்கியது. எஞ்சின்களும் நின்றன. அவ்வளவு பெரிய கப்பல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அசைய முடியாமல் கிடந்தது!

பதிந்தவரைத் திட்டாதீர்கள். கை தவறுவது எல்லோருக்கும் உண்டு. வகுக்கும் இடத்தில் பூஜ்யத்தை ஏற்றுக்கொண்ட நிரல் மீதுதான் எனக்குக் கோபம்!

நல்ல நிரலாளர் முதலில், வரும் எண் சரியானதா என்று சோதிக்க வைப்பார். அதையும் மீறி ஏதாவது நடந்தால் பிடிக்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கடைசிக் காவல் வைப்பார். அது உங்கள் படத்தைத் தனிப் பிரதியாகச் சேமிக்கும். பழைய கோப்பின் மேலேயே எழுதாது. கெட்டுப்போன விவரம் நல்லதையும் கெடுத்துவிடக் கூடாதல்லவா? எந்த இடத்தில் பிழை என்று குறிப்பு எழுதி வைக்கும். உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டு, அதன் பிறகு நிரலை மூடும்.

சில நிரல்கள் பிழையை மறைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டே இருக்கும். மதிப்பெண் கூட்டும் நிரல் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? 92 வாங்கியவருக்கு 29 வந்தாலும் யாருக்கும் தெரியாது! அதைவிட நின்றுபோவதே மேல்.

இனி அந்தப் பெட்டி வந்தால் அவசரப்பட்டு மூடாதீர்கள். அதில் உள்ள வாசகத்தை நோட்டில் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். பிழையைத் தேட அது உதவும்.

இன்றே ஒரு சோதனை செய்யலாமா? கணினியில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து 5-ஐ 0-ஆல் வகுத்துப் பாருங்கள். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று சொல்லும். ஆனால் மூடிக்கொள்ளாது. அடுத்த கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், போடும்!