ஒன்றாம் எண்ணுக்குரிய நிரல்

லினக்ஸ் கணினியில் இயங்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும், அதாவது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், கெர்னல் ஓர் எண்ணை வழங்குகிறது. அவற்றுள் ஒன்று என்னும் எண் இனிட் எனப்படும் நிரலுக்கே உரியது. வன்பொருளை ஆயத்தப்படுத்தி முடித்த கெர்னல், பயனர் தளத்தில் முதலாவதாகத் தொடங்கிவைப்பது இதனைத்தான். வலையமைப்பு, தரவுத்தளம், நுழைவுத்திரை ஆகிய யாவும் இதன் வழித்தோன்றல்களாகவே பிறக்கின்றன. தம்மைத் தொடங்கிய தாய்ச் செயல்முறை முன்னதாகவே முடிந்துபோனவை பொதுவாக இதன் பொறுப்பில் வந்து சேர்கின்றன. அவை முடியும்போது அவற்றின் முடிவுக்குறிப்பைப் பெற்றுக்கொண்டு கெர்னலின் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கச் செய்வதும் இதன் கடமையாகும். இனிட் நின்றுவிட்டால் கெர்னல் 'பேனிக்' என்னும் நிலைக்குச் சென்று கணினி முழுவதும் முடங்கிவிடும் என்பதால், பிற செயல்முறைகளை உடனடியாக முடித்துவிடும் 'சிக்கில்' சமிக்ஞைகூட இதனைத் தீண்டாதவாறு கெர்னலே தடுத்து வைத்திருக்கிறது.

இத்தகைய நிரல் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. யுனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் பதிப்பைப் பின்பற்றி எழுதப்பட்ட சிஸ்வி-இனிட், ஷெல் மொழியில் அமைந்த குறுநிரல்களை எண் வரிசைப்படி அழைத்துச் சேவைகளைத் தொடங்குவது. 2006இல் உபுண்டு கொண்டுவந்த அப்ஸ்டார்ட், நிகழ்வுகளுக்கேற்பச் சேவைகளைத் தொடங்கும் முறையை முன்வைத்தது. லென்னார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் ஆகியோர் 2010இல் அறிமுகப்படுத்திய சிஸ்டம்டி, ஒரு சேவையைச் சார்ந்த செயல்முறைகள் அனைத்தையும் 'சிகுரூப்' என்னும் கெர்னல் வசதியால் ஒரே குழுவாகக் கண்காணிப்பதால், எச்சம் எதுவும் விடுபடாமல் அச்சேவையை நிறுத்த வல்லது. டெபியன் வழங்கலின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் இயல்பிருப்பு இனிட் எது என்பது குறித்து வாக்களித்தபோது, அப்ஸ்டார்ட்டுக்கும் சிஸ்டம்டிக்கும் இடையே வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவரின் தீர்வு வாக்கினால் சிஸ்டம்டி தேர்வாயிற்று. அம்முடிவை ஏற்காதவர்கள் அதே ஆண்டு நவம்பரில் டெவுவான் என்னும் கிளை வழங்கலை அறிவித்தனர்.

டெபியனுக்குள்ளேயே இனிட்டை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. எஸ்பின் அடைவில் உள்ள இனிட் என்னும் கோப்பையே கெர்னல் வழக்கமாக நாடுவதால், அப்பெயருக்கு உரிமை கொண்டாடும் பொதியை மாற்றுவதே இங்கு முதன்மையான செயல். சிஸ்டம்டி-சிஸ்வி, சிஸ்விஇனிட்-கோர் என்னும் இரு பொதிகளும் ஒன்றையொன்று விலக்குவன. ஒன்றை நிறுவினால் மற்றொன்று தானே நீங்கும். ஆனால் சிஸ்டம்டியின் முதன்மை நிரல் வேறோர் அடைவில் இருப்பதால், பொதியை மாற்றுமுன்பே, கணினி எழும் தறுவாயில் கெர்னலுக்குத் தரப்படும் 'இனிட்=' என்னும் அளவுருவில் அதன் இருப்பிடத்தைக் குறிப்பிட்டு ஒருமுறை மட்டும் சோதித்துப் பார்க்கலாம். நிலையான மாற்றத்துக்கு முன் செய்யவேண்டிய இச்சோதனையைப் பலர் புறக்கணிப்பது வருந்தத்தக்கது. எழ மறுக்கும் கணினியின் முன் அமர்ந்து வழி தேடுவதைவிட, எழக்கூடிய கணினியில் ஒருமுறை சோதிப்பது எளிது.

இம்மாற்றத்தில் மிகவும் வியப்பூட்டுவது, பொதி நிறுவப்பட்ட கணத்துக்கும் கணினி மறுதொடக்கம் பெறும் கணத்துக்கும் இடைப்பட்ட வேளையாகும். வட்டில் புதிய இனிட் அமர்ந்துவிட்டது. ஒன்றாம் எண்ணுடன் நினைவகத்தில் இயங்குவதோ பழையதே. பந்தி நடந்துகொண்டிருக்கையில் தலைமைச் சமையற்காரரை மாற்றுவதைப் போன்றது இந்நிலை: அடுப்பில் இருப்பவை பழையவர் ஏற்றியவை, பண்டசாலைச் சாவி புதியவர் கையில். ஒரே குடும்பத்து நிரலின் புதிய பதிப்பு வரும்போது, ஓடும் இனிட் தன் நிலையைக் குறித்துவைத்து, எண்ணை இழக்காமலேயே தன்னைப் புதிய நிரலாக மாற்றிக்கொள்ள இயலும். சிஸ்வி-இனிட்டில் 'டெலினிட் யூ' என்னும் கட்டளையும், சிஸ்டம்டியில் 'டீமன்-ரீஎக்ஸெக்' என்னும் கட்டளையும் இதற்கெனவே உள்ளன. சி நூலகம் புதுப்பிக்கப்படும்போதும் இது தேவைப்படுகிறது. ஏனெனில் பெயர் அழிக்கப்பட்ட பழைய நூலகக் கோப்பை இனிட் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, மூலக் கோப்பமைப்பைப் 'படிக்க மட்டும்' என்னும் நிலைக்கு மாற்றக் கெர்னல் இசையாது. ஆயினும் ஒரு குடும்பம் எழுதிவைத்த நிலைக்குறிப்பை மற்றொன்று படிக்க இயலாது என்பதால், குடும்பமே மாறும்போது மறுதொடக்கம் தவிர்க்க முடியாததாகிறது.

அங்கேதான் சிக்கல் முளைக்கிறது: மறுதொடக்கத்துக்கான 'ரீபூட்' கட்டளையும் பொதியோடு சேர்ந்து மாறிவிட்டதால், புதிய கட்டளை பழைய இனிட்டிடம் பேச வேண்டியிருக்கிறது. சிஸ்வி-இனிட் ஆணைகளைப் பெறுவது 'இனிட்சிடிஎல்' என்னும் குழாய்க் கோப்பின் வழியாக. சிஸ்டம்டி பெறுவது டி-பஸ் என்னும் செய்தித்தடத்தின் வழியாக. இவ்விடைவெளியைச் சிஸ்டம்டியை எழுதியவர்கள் இரு திசையிலும் நிரப்பிவைத்தனர்: பழைய குழாயில் வரும் ஆணையைக் கேட்டு நிறைவேற்றும் துணைச்சேவை ஒன்றை ஒருபுறம் சேர்த்தனர், தன் செய்தித்தடத்தில் மறுமொழி கிடைக்காதபோது அதே பழைய குழாயில் ஆணையை எழுதிப் பார்க்கும் ஏற்பாட்டைச் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையில் மறுபுறம் அமைத்தனர். இரு தரப்பினரும் கடுஞ்சொற்களால் மோதிக்கொண்ட ஆண்டுகளில், இந்நிரல்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் வகையில் எழுதப்பட்டிருந்தன என்பது கருதத்தக்கது.

ஒன்றாம் எண்ணை மாற்றுவதைவிட, அதனைச் சார்ந்து வளர்ந்தவற்றை மாற்றுவதே கடினம். யார் நுழைந்திருக்கிறார், கணினியை அணைக்க யாருக்கு உரிமை உண்டு என்பவற்றைக் கண்காணிக்கும் லாகின்டி, சிஸ்டம்டியின் ஓர் உறுப்பாகும். க்னோம் போன்ற மேசைத்தளங்கள் அதனை எதிர்பார்ப்பதால், அதனைத் தனியே பிரித்தெடுத்து உருவாக்கப்பட்ட ஈலாகின்டியைப் பிற இனிட்டுகளுடன் சேர்க்க வேண்டியுள்ளது. சேவைகளின் நிலையும் இத்தகையதே. சிஸ்டம்டியை முதன்மையாகக் கொண்டு மாற்று வழிகளின் ஆய்வுக்கும் இடமளிப்பதென டெபியன் உறுப்பினர்கள் 2019 டிசம்பரில் வாக்களித்துத் தீர்மானித்தனர்; ஆனால் பல பொதிகளின் பராமரிப்பாளர்கள் பழைய தொடக்கக் குறுநிரல்களைக் கைவிட்டு வந்தமையால், அவ்வாறு கைவிடப்பட்டவற்றைத் திரட்டிக் காப்பதற்கென்றே 'ஆர்ஃபன்-சிஸ்விஇனிட்-ஸ்கிரிப்ட்ஸ்' என்னும் பொதி பின்னர் உருவாக வேண்டியிருந்தது.

தேர்வுரிமை என்பது தீர்மானத்தால் மட்டும் நிலைப்பதில்லை என்பதற்கு அப்பொதியே சான்று. ஒரு சேவைக்குரிய குறுநிரலை ஒவ்வொரு புதிய வெளியீட்டுடனும் இயக்கிப் பார்த்துப் பிழை திருத்துபவர் இருக்கும்வரைதான் அச்சேவையைப் பொறுத்தவரை மாற்று இனிட் என ஒன்று இருக்கிறது. அவர் விலகியபின், பொதிப்பட்டியலில் அதன் பெயர் மட்டுமே எஞ்சும். எந்த இனிட் சிறந்தது என்னும் வாதத்தில் செலவழிக்கப்பட்ட உழைப்பில் சிறு பகுதியேனும் இப்பணிக்கு வந்திருந்தால், கைவிடப்பட்டவற்றுக்கெனத் தனிப்பொதி தேவைப்பட்டிருக்காது. மாற்று இனிட்டை விரும்புவோர், தாம் அன்றாடம் பயன்படுத்தும் ஒரே ஒரு சேவையின் தொடக்கக் குறுநிரலையாவது பராமரிக்க முன்வருவது, அவ்விருப்பத்துக்குச் செய்யத்தக்க முதல் கைம்மாறு.