பட்டுப்போகவில்லை, குளிர்தான்

டிசம்பர் முடிவதற்குள் தில்லி வீட்டு வாசல்களில் நிற்கும் மோர்பங்க்கிச் செடிகள் நிறம் மாறத் தொடங்கிவிடும். இந்தியில் மயில்தோகை என்று பெயர் பெற்ற இந்தத் தூஜாவின் பச்சை விசிறிகள் தாமிரப் பழுப்பானதும், செடி பட்டுவிட்டது என்று மண்வெட்டியைத் தேடுபவர்கள் உண்டு. புதிதாக ஒன்றை விற்கும் நர்சரிக்காரருக்கு இதில் நஷ்டமில்லை.

குளிரில் ஒளிச்சேர்க்கை மந்தமாகிறது. பனிமூட்டம் விலகினால் வெயிலோ சுள்ளென்று அடிக்கிறது. பயன்படுத்த முடியாத அந்த ஒளி இலையைச் சேதப்படுத்தாமலிருக்க ரோடோசாந்தின் என்ற செந்நிறமியைச் செடி சேர்த்துக்கொள்கிறது. கறுப்புக் கண்ணாடி மாதிரி. அதனால்தான் வெயில் பக்கம் செம்பு நிறமாக, நிழல் பக்கம் பச்சையாகவே இருக்கிறது. மார்ச் வெப்பத்தில் பச்சை திரும்பும்.

எல்லாப் பழுப்பும் இந்த ரகமல்ல. தொட்டி மண் வறண்டாலோ, நீர் தேங்கி வேர் அழுகினாலோ இலை மொறமொறத்து உதிரும், குச்சி படக்கென்று ஒடியும். சந்தேகமிருந்தால் நகத்தால் பட்டையைச் சுரண்டலாம். உள்ளே ஈரப்பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அதற்காக யூரியா போட்டு, தினமும் குடம்குடமாக ஊற்ற வேண்டாம். பிழைக்க வேண்டிய செடிகள் சாவது அப்படித்தான்.

இந்தக் கட்டுரையாளர் சுரண்டிப் பார்த்தது, பிடுங்கிய செடியைக் குப்பைத்தொட்டியருகே போட்ட பிறகு. உள்ளே பச்சை.