மூன்றாம் வெள்ளி... வங்கி நேரம் முடிந்த பிறகு!

கம்பம் பள்ளத்தாக்கில் கடன் என்றால், 'நூத்துக்கு எத்தனை ரூவா வட்டி?' என்றுதான் பேச்சு. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும், கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கும், சின்னமனூர் வாழைக்கும் விளைச்சல் வருமுன்பே கையில் பணம் வேண்டும். 'மூணு வட்டி' என்றால் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய். வருடத்துக்கு 36 சதவிகிதம். வங்கியில் சொல்லும் 7 சதவிகிதமோ வருடக் கணக்கு. மாதக் கணக்கையும் வருடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 3 சின்னதாகவும் 7 பெரிதாகவும் தெரியத்தான் செய்யும்.

இந்தக் கணக்கை ஊர் மக்களுக்கு விளக்குவதும் வங்கியின் வேலைதான். கிராமப்புறக் கிளைகள் மாதந்தோறும் மூன்றாம் வெள்ளிக்கிழமை, வங்கி நேரம் முடிந்ததும், நிதிக் கல்வி முகாம் நடத்த வேண்டும் என்று 2017-ம் ஆண்டு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2019 ஜூன் 3 முதல் 7 வரை நாடு முழுக்க நடந்த நிதிக் கல்வி வாரத்தின் பொருளே விவசாயிகள்தான். பேனர் கட்டி, போட்டோ எடுத்ததோடு முடிகிற முகாம்களும் உண்டு. கேள்வி கேட்க நாலு பேர் உட்கார்ந்திருந்தால் அப்படி முடியாது.

அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, செய்திகளில் அடிபடும் 'ரெப்போ' பற்றியது. மற்ற வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் கொடுக்கும்போது வாங்கும் வட்டி அது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு பேர் குழு கூடி அதை முடிவு செய்கிறது. விலைவாசி ஏறினால் மதகைக் கொஞ்சம் இறக்குவதுபோல வட்டியை ஏற்றிப் பண ஓட்டத்தைக் குறைப்பார்கள். 2025 தொடக்கத்தில் 6.50 சதவிகிதமாக இருந்த ரெப்போ, அந்த ஜூனில் 5.50 ஆனது. ரெப்போவோடு இணைந்த வீட்டுக் கடனுக்கு இதனால் வட்டி குறையும்.

பயிர்க்கடனுக்கு? குறையாது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை வாங்கும் பயிர்க்கடனின் 7 சதவிகிதம், மத்திய அரசு வட்டி மானியத்தால் வருவது. அதைக் குறைப்பது விவசாயி பணம் கட்டும் தேதி. கெடுவுக்குள் கட்டினால் 3 சதவிகிதம் தள்ளுபடி. 1 லட்சத்துக்கு வருட வட்டி 4,000 ரூபாய்தான். 'மூணு வட்டி'யில் அதே லட்சத்துக்கு 36,000 ரூபாய். கெடு தாண்டினால் அந்தத் தள்ளுபடி கிடைக்காது. தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் கெடுவுக்குள் கட்டுபவருக்குப் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை. ஆகவே, கடன் வாங்கும் அன்றே கெடு தேதியை எழுதி வாங்கி வருவது நல்லது.

அடுத்தது, அடமானம். 2025 ஜனவரி 1 முதல், 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் பிணை கேட்கக் கூடாது. நிலப் பத்திரத்தை அடமானமாகக் கேட்டால், முகாமிலேயே இதைச் சொல்லி விளக்கம் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் கிளையில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.