ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்

செக்ரோலில் ஒரு பெயர், லயத்தில் கூப்பிடுவது வேறொரு பெயர். மலையகத் தோட்டங்களில் இப்படிப் பலர் உண்டு. புதிதாக வந்த கணக்கப்பிள்ளை இரண்டு ஆள் என்றே நினைப்பார். கம்பைலருக்கும் இதே தலைவலிதான். சி மொழியில் இரண்டு பாயின்டர்கள் வெவ்வேறு பெயரோடு நினைவகத்தின் ஒரே இடத்தைக் காட்டலாம். இதற்கு அலையசிங் என்று பெயர்.

இதனால் என்ன கெட்டுவிடும்? இன்றைய புரொசசர்கள் நான்கு, எட்டு எண்களை ஒரே கட்டளையில் பெருக்கும். நாம் எழுதும் சாதாரண லூப்பை அப்படிக் கொத்தாக மாற்றித் தருவது கம்பைலரின் வேலை.

மேலதிகமாக எடுத்த கொழுந்து 3, 5, 2, 4 கிலோ என்று ஒரு வரிசையில் இருக்கிறது; கடைசியில் ஒரு கட்டம் காலி. கிலோவுக்கு 10 ரூபா என்று வைத்துப் பெருக்கி, விடையை வேறு வரிசையில் எழுதினால் 30, 50, 20, 40. தகராறே இல்லை. ஆனால் விடையின் பாயின்டர் அதே கிலோ வரிசையின் இரண்டாம் கட்டத்தைக் காட்டினால்? முதல் விடையான 30, அங்கிருந்த 5ஐ அழித்துவிடும். அடுத்த சுற்று அந்த 30ஐப் பெருக்கி 300 ஆக்கும்; பிறகு 3000, 30000. நான்கையும் ஒன்றாக எடுத்துப் பெருக்கினாலோ பழையபடி 30, 50, 20, 40தான் வரும். எழுதியவர் எதை நினைத்திருந்தாலும், சி மொழியின்படி 30, 300, 3000, 30000 என்பதே சரி. ஆகவே சந்தேகம் இருந்தால் கம்பைலர் ஒவ்வொன்றாகவே பெருக்கும். அல்லது லூப்புக்கு முன்னால் முகவரிகளை ஒப்பிட்டு, மோதாவிட்டால் வேகமான வழியில் போகும். பாயின்டர்கள் கூடினால் இந்தச் சோதனையும் பெருகும். ஒரு கட்டத்தில் கம்பைலர் முயற்சியைக் கைவிட்டுவிடும்.

ஃபோர்ட்ரானில் இடங்கள் மோதாமல் பார்ப்பது எழுதுபவரின் பொறுப்பு. சி மொழியில் 'நோஅலையஸ்' என்ற சொல்லைச் சேர்க்க முயன்றபோது, 1988இல் அம்மொழியை உருவாக்கிய டெனிஸ் ரிச்சியே கடுமையாக எதிர்த்து நிறுத்தினார். 1999இல் 'ரிஸ்ட்ரிக்ட்' வந்தது. அது இடங்கள் மோதாது என்று நாம் கொடுக்கும் வாக்கு, கம்பைலர் சரிபார்க்காது. பொய் வாக்கைவிட மெதுவான லூப் எவ்வளவோ மேல்.

இப்படிக் கொத்தாக்கும் துறையில் இலங்கையர் பங்கும் சிறிதல்ல. எம்ஐடியில் சமன் அமரசிங்க, சாமுவேல் லார்சனோடு 2000இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே வடிவக் கூற்றுகளை லூப் இல்லாமலும் கொத்தாக்கலாம் என்று காட்டியது. அந்த முறை இன்று ஜிசிசி, எல்எல்விஎம் கம்பைலர்கள் இரண்டிலும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்த சரித் மெண்டிஸ், எதை எதோடு கொத்தாக்குவது என்பதைத் தீர்மானிக்க அமரசிங்கவோடு சேர்ந்து 2018இல் இன்னும் நுட்பமான வழி கண்டார். அங்கும் முதல் கேள்வி, இடங்கள் மோதுமா என்பதே.

சி படிக்கும் மாணவர்களே, எந்த லூப் கொத்தாகவில்லை, ஏன் என்று கேட்டால் கம்பைலரே வரி எண்ணோடு அறிக்கை தரும். முதலில் அதை வாசியுங்கள். 'ரிஸ்ட்ரிக்ட்' போடுவதைப் பிறகு யோசிக்கலாம்.