மலை ஏறும் முன் ரத்தம் பார்த்தேன்!

"அம்மா, ஜூன் மாசம் பெரு நாட்டுக்கு மலை ஏறப் போறேன். நீயும் வரே!"

பொங்கலுக்கு வந்திருந்த மகள் இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் விடவில்லை. ஆண்டிஸ் மலையில் அப்ரா மாலகா என்று ஒரு கணவாய். உயரம் 4,316 மீட்டர். அதுவரை வேனில் போய், அங்கிருந்து சைக்கிளில் இறங்க வேண்டும். பிறகு ஆற்றில் ரப்பர் படகு, மேகக் காட்டில் நடை, கடைசியில் மச்சு பிச்சு. நம் ஊட்டியே 2,240 மீட்டர்தான்!

"பேரன் பேத்தி எடுக்கற வயசுல சைக்கிளா?" என்றார் மாமியார். என்னவரோ, "முதல்ல மலைக்கோட்டை ஏறிட்டு வா, பார்க்கலாம்" என்றார்.

மறுநாளே போனேன். உச்சிப் பிள்ளையாருக்கு 400க்கு மேல் படிகள். பாதியிலேயே நெஞ்சு படபடத்தது, கண் இருட்டியது. வயசாகிவிட்டது என்று திரும்பியிருப்பேன். மகள்தான் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.1! "பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைம்மா. களைப்பு எத்தனை நாளா இருக்கு?" என்றார் டாக்டர். களைப்பில்லாத நாள் எது என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்! மாதவிலக்கில் இரண்டு வருஷமாக உதிரப்போக்கு அதிகம். இந்த வயதில் அப்படித்தான் என்று யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் வேறு.

"நீங்க போய் இறங்கற குஸ்கோ ஊரே 3,400 மீட்டர். அங்கே காற்றழுத்தம் நம்ம ஊரைப் போல மூணில் ரெண்டு பங்குதான். மூச்சுல கிடைக்கற ஆக்ஸிஜனும் குறைவு, அதைச் சுமக்கற ரத்தமும் குறைவுன்னா எப்படி?" என்றார்.

உதிரப்போக்குக்குத் தனியாக வைத்தியம் நடந்தது. கூடவே இரும்புச்சத்து மாத்திரை. அதை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினேன். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி கிடையாது. காபி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாதாம். முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொண்டேன். ஆனால் இவ்வளவு குறைந்தபின் கீரை மட்டும் போதாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மூன்று மாதத்தில் 12.2! அப்போதும் மாத்திரையை நிறுத்தவிடவில்லை. உடம்பில் இருப்பு சேர இன்னும் சில மாதங்கள் வேண்டுமாம்.

உடம்பு தேறத் தேற, பயிற்சியையும் கூட்டினேன். முதலில் 20 நிமிட நடை. பிறகு வாரம் இருமுறை மலைக்கோட்டை. கடைசி மாதம் முதுகுப் பையில் 5 கிலோ அரிசியோடு! ஏறும்போது மூச்சு வாங்குகிறது; மறுநாள் தொடை வலிப்பதோ இறங்கியதால்தான். ஆகவே இறங்கவும் பழக வேண்டும். புது ஷூவை வீட்டிலேயே போட்டு நடந்து பழக்கினேன். பள்ளிக்கூட நாளோடு விட்ட சைக்கிளை விடியற்காலையில் மீண்டும் கற்றேன். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும். இரண்டையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்கு 10 நாள் முன்பாவது போட்டாக வேண்டும். திரும்பி வரும்போது நம் நாட்டிலும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள்.

ஜூனில் குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல், 2,800 மீட்டர் உயரமுள்ள ஒல்லான்டாய்டம்போவுக்கு இறங்கி, இரண்டு இரவு உடம்பைப் பழக்கிக்கொண்டோம். மூன்றாம் நாள் கணவாயில் கையுறைக்குள்ளும் விரல் விறைத்தது. சைக்கிளில் இறங்க இறங்கக் குளிர் விட்டது. மரமெல்லாம் பாசி, ஆர்க்கிட் பூ, மேகம். அமேசான் பக்கத்து ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் வரும் மேகம் அது. இந்தக் காட்டை அந்த நாட்டார் 'காட்டின் புருவம்' என்கிறார்கள். எவ்வளவு பொருத்தம்!

கடைசி நாள் மச்சு பிச்சுவுக்குக் கல்படி ஏற்றம். நிதானமாக ஏறினேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அம்மா, கொஞ்சம் நில்லேன்!" மகள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னை டாக்டரிடம் இழுத்துப் போனவள், தன் ரத்தத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லையே!

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பார்த்தோம். அவளுக்கு 10.4. இப்போது எலுமிச்சைச் சாறு அவளுக்கு!

சகோதரிகளே, நீங்கள் மலைக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் வயசின் மேல் பழி போடாதீர்கள். ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். வீட்டில் பெண் இருந்தால் அவளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.