சைக்கிளில் போன பிள்ளை மீது வண்டி மோதினால்

திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டிலோ வத்தலக்குண்டு ரோட்டிலோ அரசு சைக்கிளில் வீடு திரும்பும் பிளஸ் ஒன் பிள்ளையை ஒரு கார் தட்டிவிடுகிறது. கூட்டம் கூடும். “பையன் குறுக்கே வந்துட்டான்” என்பார் ஒருவர். “கேஸ் எதுக்கு, பேசி முடிச்சுக்குங்க” என்பார் இன்னொருவர். ஐந்தாயிரம் ரூபாய் கைமாறும். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று தெரியவரும்போது வண்டிக்காரர் போனை எடுக்கமாட்டார்.

பணம் வாங்குவதைவிடப் பெரிய தவறு ஆஸ்பத்திரியில் நடக்கிறது. “எப்படி அடிபட்டது?” என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், எழுதுவார்கள். போலீஸ் வம்பு வேண்டாமென்று “சைக்கிளிலிருந்து விழுந்துட்டான்” என்று சொல்லிவிடுகிறோம். இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். மோதிய வண்டி, நேரம், இடம் மூன்றையும் உள்ளபடி சொல்லுங்கள். ஏ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷனில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல. பதிய மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வண்டி ஓட்டியவருக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவுப்படி, காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், போலீசுக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தகவல் சொல்வதும் உங்கள் கடமை. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் இழப்பீட்டை நிறுவனம் கட்டும். காலாவதியான பாலிசியோடு ஓட்டினால் உங்கள் சொத்துக்கே வினை.

“குறுக்கே வந்தான்” என்பதால் எல்லாம் முடிந்துவிடாது. பெரியவரின் நிதானத்தைச் சிறுவனிடம் நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் தொகையில் ஒரு பங்கு குறையலாம். ஓட்டுநர் மீது தவறே நிரூபிக்கப்படாவிட்டாலும் அதே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் பலத்த காயத்துக்கு 2.5 லட்சமும் உயிரிழப்புக்கு 5 லட்சமும் உண்டு. 10 முதல் 30 சதவீதம்வரை நிரந்தர ஊனம் ஏற்பட்ட குழந்தைக்குச் சிகிச்சைச் செலவு போக 3 லட்சம் தரலாம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் அளவு சொல்லியிருக்கிறது. அந்த ஐந்தாயிரத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

மனுவைப் பிள்ளை சார்பில் தாயோ தந்தையோ விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், குடியிருப்பது திண்டுக்கல் என்றால் இங்கேயே போடலாம். 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் ஆறு மாதக் கெடு இருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வக்கீலுக்குக் காசில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். போகும்போது எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், வயதுச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். ஏ.ஆர். நகலை மறக்காதீர்கள்.